காலைல போடற அந்த வட்டம்

கேள்வி: வணக்கம். எனக்கு 36 வயசு, இல்லஸ்ட்ரேட்டர். பேனா மை டிராயிங்தான் எனக்கு வரும், ரொம்ப நுணுக்கமா, கோடு மேல கோடு போட்டு நிழல் கொண்டு வருவேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம்னு சொல்லிட்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட்ங்கற மருந்து போடறேன், மறுநாள் நான் ஒரு ஆளே இல்ல. பழைய மாதிரி கோடு வரல. சரி இந்த நோயைப் பத்தியே ஒரு சீரிஸ் பண்ணுவோம்னு முள்கம்பி சுத்தின கை, தீப்பிடிச்ச முட்டி, உடைஞ்ச பொம்மைன்னு ஏழு படம் போட்டேன். ஒரு கேலரில காட்டினா "இன்னும் வலி தெரியணும், பார்க்கறவங்க அழணும்"ங்கறாங்க. வீட்டுக்காரர் "அப்புறம் யாரும் உன் படத்தைப் பார்க்க மாட்டாங்க, உன் நோயைத்தான் பார்ப்பாங்க"ங்கறார். எனக்கே அந்த ஏழும் பிடிக்கல, ஏன்னு சொல்லத் தெரியல. நான் நோயைக் காட்டி விக்கறேனோன்னு ஒரு உறுத்தல். கை இன்னும் மோசமாயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். டெட்லைன் குடுக்கவும் பயமா இருக்கு.

பி.கு: காலைல எந்திரிச்சதும் கை எவ்வளவு திறந்திருக்குன்னு பார்க்க ஒரு சின்ன நோட்டுல பென்சிலால ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பேன். ரெண்டு முனையும் சேர்ந்துச்சுன்னா அன்னைக்கு வேலைக்கு உக்காருவேன். டாக்டர்கிட்ட காட்ட உதவுமேன்னு ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன். தேதியெல்லாம் என் பொண்ணு மாச ஆரம்பத்துலயே மொத்தமா எழுதி வெச்சிடுவா. சில நாள் நோட்டைத் திறக்கவே முடியாது, அந்தப் பக்கம் காலியாவே கிடக்கும். இது சும்மா சொன்னேன்.

பதில்: சும்மா சொன்னேன்னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன். லெட்டர் முழுக்க நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன், ஆனா வரிசையா இல்ல, ஏன்னா எல்லாத்துக்கும் பதில் அந்த பி.கு.வுலயேதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

முதல்ல அந்த ஏழு படம். நீங்க அனுப்பின போட்டோல பார்த்தேன். கைவேலை நல்லா இருக்கு, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா முள்கம்பி, தீ, உடைஞ்ச பொம்மை இதெல்லாம் உங்க கையில இருந்து வந்ததா? வலி நிவாரணித் தைல விளம்பரத்துல முட்டி மேல சிவப்பா ஒரு வட்டம் மின்னி மின்னி அடங்குமே, அந்த வீட்டுல இருந்து வந்தது அது. இந்த நோய் இல்லாத ஒருத்தர்கிட்ட "மூட்டு வலின்னா எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு"ன்னு சொன்னா அவரும் இதையேதான் போடுவார். உங்களுக்குப் பிடிக்காம போனதுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கறேன். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் அதுல ஒண்ணுகூட இல்ல.

அதே லெட்டர்ல நடுவுல ஒரு இடத்துல, கேள்வியைச் சுருக்கறப்போ மேல விட்டுப் போச்சு, காலைல கை எப்படி இருக்கும்னு எழுதியிருந்தீங்க, கையுறை மேல கையுறை போட்டு அதுக்கு மேல இன்னொரு கையுறை போட்ட மாதிரி, கப்பை விரலால பிடிக்க முடியாம ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல வெச்சுத் தூக்கறீங்கன்னு. அதுல எங்க தீ இருக்கு? அது விறைப்பு, மந்தம், காத்திருப்பு. இந்த நோயில காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலயே போகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. நாள்பட்ட நோயோட பெரும் பகுதி போரடிக்கற விஷயம்தான். எண்ணறது, காத்திருக்கறது, மறுபடி எண்ணறது. கேலரிக்காரங்க அழுகை கேக்கறாங்க, ஏன்னா அழுகை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், பார்க்கறவங்களும் மனசு லேசாகி வீட்டுக்குப் போயிடலாம். உங்களோடது முடியாத விஷயம், அதை எப்படி ஒரு சுவத்துல மாட்டறதுங்கறதுதான் உங்க முன்னாடி இருக்கற உண்மையான கேள்வி.

இப்ப நீங்க கேப்பீங்க, மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ ஆணி ஆணியா வரையலையான்னு. வரைஞ்சாங்கதான். 1944-ல போட்ட "உடைந்த தூண்" படத்துல உடம்பெல்லாம் ஆணி, முதுகெலும்பு இருக்கற இடத்துல விரிசல் விட்ட தூண். ஆனா அதே படத்துல உடம்பைச் சுத்தி முதுகைத் தாங்கற ஒரு கார்செட் இருக்கே, அது கற்பனை இல்ல, அந்தக் காலகட்டத்துல அவங்க நெஜமாவே மாட்டிக்கிட்டு இருந்தது. மாவுக்கட்டு கார்செட் போட்டப்போ அது மேலயே பெயின்ட் பண்ணியிருக்காங்க. 1925-ல பஸ் விபத்து, அப்ப வயசு 18, படுத்த படுக்கை, படுத்துக்கிட்டே வரைய படம் நிறுத்தற ஒரு ஈசல் சட்டம், தலைக்கு மேல ஒரு கண்ணாடி. அவங்க ஏன் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைஞ்சாங்கன்னு ஆயிரம் பேர் ஆயிரம் தத்துவம் சொல்வாங்க, எனக்கு என்னவோ அந்தக் கண்ணாடி போதும்னு தோணும், மல்லாக்கப் படுத்திருந்தா கண்ணுக்கு நேரா என்ன இருக்கோ அதைத்தானே வரைய முடியும். நோய் அவங்களுக்கு முதல்ல குடுத்தது ஒரு கிடை, அந்தக் கிடையில இருந்து ஒரு பார்வைக் கோணம். ஆணியெல்லாம் பல வருஷம் கழிச்சு வந்தது.

உங்க நோயே இருந்தவர் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார். கடைசி இருபது வருஷம் அவருக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் ரொம்ப முத்திப் போச்சு, விரலெல்லாம் உள்ளங்கைப் பக்கம் மடங்கிடுச்சு, சக்கர நாற்காலி. பிரஷ்ஷைக் கையோட சேர்த்துக் கட்டிக்கிட்டு வரைஞ்சார்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும், அது சரியில்ல. கையில துணி சுத்தினது உள்ளங்கைத் தோல் புண்ணாகாம இருக்க, பிரஷ்ஷை வேற யாராவது விரலிடுக்குல வெச்சுக் குடுப்பாங்க, அவர் பிடிச்சுக்குவார். பெரிய கேன்வாஸுக்கு அவரால எட்டி எட்டி வரைய முடியாதுங்கறதால கேன்வாஸை உருளைல சுத்தி, வேண்டிய பகுதியை அவர் முன்னாடி கொண்டு வர ஏற்பாடு. 1919-ல சாகற வரைக்கும் வரைஞ்சார். ஆனா அவர் படத்துல வலி எங்கயும் கிடையாது, பூவும் பொண்ணுங்களும்தான். இதை ஏன் சொல்றேன்னா, உங்களுக்கு நோய் இருக்குங்கறதுக்காக நீங்க நோயைப் பத்தித்தான் பண்ணியாகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. உங்களோட அடுத்த சீரிஸ் பறவைங்களா இருந்தாலும் யாரும் உங்களைக் கோழைன்னு சொல்ல முடியாது.

ஆனா நீங்க பண்ணணும்னு நெனைக்கறீங்க, அது லெட்டர்லயே தெரியுது. அப்ப ஓவியர் பால் க்ளேயைப் பாருங்க. 1935-ல உடம்புக்கு வந்துச்சு, ஸ்க்லீரோடெர்மாவா இருக்கணும்னு பின்னாடி சொன்னாங்க, தோலும் உள்ளுறுப்பும் இறுகிப் போற நோய். 1936-ல மொத்தமே 25 வேலை அளவுக்குத்தான் பண்ண முடிஞ்சுது. 1939-ல 1,200-க்கும் மேல. எப்படின்னா கோடு மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி சிலந்தி நூல் மாதிரி கோடு போட்டுக்கிட்டு இருந்த மனுஷன், கடைசில கட்டை கட்டையா, தடிமனா, கறுப்பா நாலே கோட்டுல படத்தை முடிச்சார். நுணுக்கக் கோடு போட்டுப் பழகினவங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்புன்னு எனக்குத் தெரியும், லேசா எடுத்துக்கங்கன்னு சொல்ல மாட்டேன், ஒரு வாரம் உக்காந்து அழணும்னா அழுங்க. ஆனா கோடே போயிடுச்சுன்னு நீங்க நெனைச்சா அது தப்பு. பழைய கோடு போயிடுச்சு. புதுக் கோடு ரெண்டு வருஷமா உங்க நோட்டுல தினமும் ஒண்ணா வந்துக்கிட்டு இருக்கு, நீங்க அதை மெடிக்கல் ரெக்கார்டுன்னு ஃபைல்ல வெச்சிருக்கீங்க.

சரி அந்த நோட்டை என்ன பண்றதுன்னு பார்ப்போம். ரெண்டு வருஷம்னா 700-க்கு மேல பக்கம். தயவு செஞ்சு அதைப் பார்த்து பெருசா, அழகா, மையில மறுபடி வரையாதீங்க. கை துறுதுறுங்கும், ஆனா வேண்டாம், அது செத்துடும். பக்கத்தை அதே அளவுல ஸ்கேன் பண்ணி பிரின்ட் எடுங்க. அதை வரிசைக்கு ஏழு ஏழா அடுக்குங்க. ஏன் ஏழுன்னா, மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரே நாள்தானே, அப்ப மருந்து நாள் எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒரே பத்தில விழும், மறுநாள் எல்லாம் பக்கத்துப் பத்தில. அந்த மறுநாள் பத்தில மட்டும் வட்டமெல்லாம் எப்படி இருக்குன்னு பார்க்கறவங்க கண்ணே கண்டுபிடிக்கும், நூறு வரிசை மேல இருந்து கீழ வரைக்கும். முள்கம்பியும் வேண்டாம், கீழ விளக்கமும் வேண்டாம். ஒருவேளை அப்படி ஒரு வித்தியாசமும் தெரியலைன்னா தெரியலைதான், தெரியற மாதிரி அடுக்கி வைக்காதீங்க. நடுவுல டாக்டர் டோஸ் மாத்தியிருந்தா, ஃப்ளேர், அதாவது நோய் திடீர்னு கூடறது, வந்திருந்தா அதுவும் தானா தெரியும். மூடாத வட்டம், முனை தாண்டிப் போன வட்டம், முட்டை மாதிரி நசுங்கினது, பாதில நின்னது. நீங்க அனுப்பின ஒரே ஒரு பக்கத்துல வட்டம் கிட்டத்தட்ட மூடி, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு நகக்கண் அளவு இடைவெளி விட்டு நின்னுடுச்சு, அந்த இடத்துல பென்சில் அழுத்தி அழுத்தி ஒரு புள்ளி ஆழமா விழுந்திருக்கு. எவ்வளவு நேரம் அங்கயே நின்னீங்க? அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். முள்கம்பியை அவ்வளவு நேரம் பார்க்கல.

எண்ணி வைக்கறதே ஒரு கலையான்னு சந்தேகம் வந்தா ரெண்டு வேலையைச் சொல்றேன். பிரிட்டிஷ் மியூசியத்துல "க்ரேடில் டு க்ரேவ்"னு ஒண்ணு, 2003-ல பண்ணினது. ரெண்டு நீளமான வலைத்துணி, ஒண்ணு ஒரு ஆணுக்கு, ஒண்ணு ஒரு பொண்ணுக்கு. பிரிட்டன்ல ஒரு மனுஷன் வாழ்நாள்ல சராசரியா டாக்டர் எழுதிக் குடுக்கற மாத்திரை எல்லாம், ஒவ்வொண்ணுலயும் 14,000-க்கு மேல, சின்னச் சின்னப் பையா பின்னி உள்ள வெச்சிருக்காங்க. பண்ணினவங்கள்ல ஒருத்தர் ஜவுளிக் கலைஞர், ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் வீடியோ கலைஞர். இன்னொண்ணு ஃபீலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ்ங்கற கலைஞர் 1991-ல பண்ணினது, மூலையில கலர் காகிதம் சுத்தின மிட்டாய் ஒரு குவியல், 175 பவுண்டு, கிட்டத்தட்ட 79 கிலோ. எய்ட்ஸ்ல இறந்து போன அவரோட துணைவரோட ஆரோக்கிய எடை அது. பார்க்க வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போகலாம், குவியல் கரையும். அங்க புண்ணும் இல்ல, ஊசியும் இல்ல. எடை இருக்கு, எடை குறையுது, குறைக்கறது நாமதான், அவ்வளவுதான். வாயில மிட்டாயைப் போட்டதுக்கு அப்புறம்தான் பல பேருக்கு உறைக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த லெட்டரைப் படிச்சதுக்கு அப்புறம் நாளைக்குக் காலைல நீங்க போடற வட்டம் பழைய வட்டமா இருக்காது. யாரோ பார்க்கப் போறாங்கன்னு தெரிஞ்சுட்டா கை தானா நடிக்க ஆரம்பிச்சுடும், கொஞ்சம் கூடுதலா நடுங்கும், இல்லன்னா கொஞ்சம் அழகா வரும். அதனால அந்த ரெண்டு வருஷ நோட்டோட காட்சிக்கான கணக்கை முடிச்சுடுங்க. இன்னைக்குத் தேதியோட நிறுத்தி, புது நோட்டு வாங்கி, அது டாக்டருக்கு மட்டும்னு வெச்சுக்கங்க. யாருக்கும் காட்டாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும், அது ரொம்ப முக்கியம்.

அடுத்தது விக்கறேனாங்கற உறுத்தல். இதுல நான் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம், ஏன்னா நானே ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். பல வருஷம் முன்னாடி ஒரு குரூப் ஷோ க்யூரேட் பண்ணினேன், எந்தப் படம் எங்கன்னு முடிவு பண்றது நான்தான், அதுல டயாலிசிஸ்ல இருக்கற ஒரு ஆர்ட்டிஸ்ட். அவங்க குடுத்த அஞ்சு படத்துல நாலு நெலக்காட்சி, ஒண்ணு மட்டும் கையில ரத்தக்குழாய் இணைச்ச இடம் புடைச்சுக்கிட்டு இருக்கறது. நான்தான் பிடிவாதமா அதை வாசலுக்கு நேரா மாட்ட வெச்சேன், பக்கத்துலயே அவங்க உடம்பைப் பத்தி நாலு வரி நானே எழுதி ஒட்டினேன். திறப்பு அன்னைக்கு சாயங்காலம் முழுக்க வந்தவங்க அத்தனை பேரும் அவங்க கையைத்தான் பார்த்தாங்க, படத்துல இருக்கற கையை இல்ல, முழுக்கை ஜாக்கெட்டுக்குள்ள இருந்த கையை. "எத்தனை வருஷமா?", "யாரும் கிட்னி குடுக்கலையா?" இதே பேச்சு. உக்கார ஒரு நாற்காலி போடணும்னுகூட எனக்குத் தோணல, சிற்பம் வைக்கற காலிப் பீடத்து மேல உக்காந்திருந்தாங்க. நெலக்காட்சியைப் பத்தி ஒரே ஒருத்தர்கூடக் கேக்கல. கெளம்பறப்போ என்கிட்ட "உங்க ஷோ நல்லா நடந்துச்சு"ன்னாங்க. உங்க ஷோ. அந்த வார்த்தை இன்னும் குத்துது.

அதனால சொல்றேன், உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி உண்மை. ஜனங்க நோயைத்தான் பார்ப்பாங்க, யாராவது அப்படிப் பார்க்கச் சொன்னா. சுவத்துல ஒட்டற வரியை நீங்களே எழுதுங்க, வேற யாரையும் எழுத விடாதீங்க. நோயோட பேர் அதுல வரணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். "எழுந்ததும் போட்ட வட்டங்கள்"னு போட்டு எத்தனைன்னு ஒரு எண்ணிக்கை போட்டா எனக்குப் போதும். பேட்டி குடுக்கறதா இருந்தா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, குழந்தை பெத்துக்கறதைப் பத்தி, மருந்து பேர் பத்தி, எதுவா இருந்தாலும். இன்ஸ்பிரேஷன் இன்ஸ்பிரேஷன்னு வந்து கையைக் குலுக்குவாங்க, நெஜமாவே குலுக்குவாங்க, உங்க கையை, வலிக்க வலிக்க. ஒரு கப்பையோ நோட்டையோ கையில வெச்சுக்கங்க, அது ஒரு நல்ல தடுப்பு.

ஜோ ஸ்பென்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் போட்டோகிராஃபர், 1982-ல மார்பகப் புத்துநோய்னு தெரிஞ்சுது. ஆபரேஷனுக்கு முன்னாடி தன் மார்பு மேலயே "ஜோ ஸ்பென்ஸோட சொத்து"ன்னு எழுதி, கடைசில ஒரு கேள்விக்குறி போட்டு, போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கேள்விக்குறிதான் அந்தப் படமே. வித்துட்டோமா, விக்கறோமாங்கறதை விட, இது யாரு கையில இருக்குங்கறதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கணும். முடிவு உங்க கையில இருந்தா நீங்க காசு வாங்கினாலும் அது விக்கறது ஆகாது, எந்த ஆர்ட்டிஸ்ட்டும் தன் வேலைக்குக் காசு வாங்கறதுதான். முடிவு கேலரி கையில போச்சுன்னா இலவசமாக் காட்டினாலும் உறுத்தும். "அழணும்"னு கேட்ட அந்தக் கேலரிக்கு "நான் வேற ஒண்ணு பண்ணிக்கிட்டு இருக்கேன், முடிஞ்சதும் காட்டறேன்"னு ஒரு வரி போதும், சண்டை வேண்டாம். முடிஞ்சப்புறம் வேற கேலரில காட்டுங்க.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம் இதோட சேர்த்து. ரிப்போர்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எதையாவது வேலைக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா பேஷன்ட் நம்பர், பார்கோடு, டாக்டர் பேர் எல்லாத்தையும் மறைச்சுடுங்க. வெயிட்டிங் ஹால்ல ஸ்கெட்ச் பண்ணினா பக்கத்துல இருக்கறவங்க முகம் அடையாளம் தெரியற மாதிரி வேண்டாம், அவங்களும் ஏதோ ஒண்ணோட வந்து உக்காந்திருக்காங்க. அப்புறம் கடை பில் மாதிரி வழவழன்னு இருக்கற தெர்மல் பேப்பர்ல வர்ற பிரின்ட் எல்லாம் வெளிச்சத்துல, சூட்டுல வெளுத்துடும், ஒரிஜினலை மாட்டாதீங்க, காப்பி எடுத்து மாட்டுங்க.

எக்ஸ்ரேன்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்க கையெலும்பு எக்ஸ்ரே ஃபிலிம் பழசு ஏதாவது இருந்தா சயனோடைப்னு நீலமா படம் எடுக்கற முறையை முயற்சி பண்ணிப் பாருங்க. 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறை, ரெண்டு இரும்பு உப்புக் கரைசலைக் கலந்து காகிதத்துல தடவி இருட்டுல காய வெச்சு, மேல ஃபிலிமை வெச்சு வெயில்ல காட்டி, வெறும் தண்ணில கழுவினா போதும், எலும்பு நீலமா வந்துடும், சுத்தி வெளுப்பு. விரல் அழுத்தமே தேவைப்படாத வேலை, கை மோசமான நாளுக்கு ஏத்தது, தடவறதுக்கு மட்டும் அகலமான ஃபோம் பிரஷ். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, வெளிச்சம் பட்டு வெளுத்துப் போன சயனோடைப்பைக் கொஞ்ச நாள் இருட்டுல வெச்சா நீலம் பெரும்பாலும் திரும்பி வந்துடும். இதை நான் உவமையா ஆக்கப் போறதில்ல, நீங்களும் ஆக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கங்க.

கை மோசமானா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. நான் டாக்டர் இல்ல, மருந்து பத்தி உங்க மூட்டு நோய் டாக்டர், ருமட்டாலஜிஸ்ட்தான். ஆனா கருவி பத்திச் சொல்லலாம். மெல்லிசான பேனாவைக் கிள்ளிப் பிடிச்சு வரையறதுதான் கட்டைவிரல் மூட்டுக்கு ரொம்பக் கெடுதல், அந்தப் பழக்கத்தை இப்பவே விடறது நல்லது. எதைப் பிடிச்சாலும் தடிமனாக்குங்க, பைப்புக்கு மேல மாட்டற ஃபோம் குழாய்ல ஒரு துண்டு வெட்டி பென்சில் மேல மாட்டினா பிடிக்கற அழுத்தம் பாதியாக் குறைஞ்ச மாதிரி இருக்கும். பால்பாயின்ட் அழுத்திப் போடணும், 6பி, 8பி மாதிரி மெத்துன்னு இருக்கற பென்சிலோ சார்கோல் கரியோ தொட்டாலே விழும், பிரஷ் அதை விட. மேசைல குனிஞ்சு போடறதை விட காகிதத்தைச் சுவத்துல ஒட்டி நின்னோ உக்காந்தோ தோள்பட்டைல இருந்து வரைஞ்சா விரலுக்கு வேலையே கம்மி. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல பெரிய வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் படுக்கைல இருந்துக்கிட்டு நீளக் குச்சி முனைல சார்கோலைக் கட்டி சுவத்துல வரைஞ்சார், அப்புறம் கத்தரிக்கோல், அசிஸ்டென்ட்டுங்க கலர் அடிச்சுக் குடுத்த காகிதத்தை இவர் வெட்டுவார், அவர் சொல்ற இடத்துல அவங்க பின் குத்துவாங்க. அது யாரோட வேலைன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேள்வி கேக்கல. நீங்களும் ஆள் வெச்சுக்கங்க, காகிதம் வெட்ட, மாட்ட, தூக்க. (உங்களுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம்னுதான் சொல்வேன், கட்டைவிரலைப் படுத்திடும்.) ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட (அன்றாட வேலையைச் சிரமமில்லாம செய்யச் சொல்லித் தர்றவங்க) உங்க கருவியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய், நீங்க வரையற விதத்தை நேர்லயே காட்டுங்க, மூட்டைத் தாங்கற ஸ்ப்ளின்ட் வேணுமா, எந்த ஆங்கிள்ல வேணும்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும். டைமர் வெச்சு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க, நல்லாப் போய்க்கிட்டு இருக்கறப்போதான் முக்கியமா நிறுத்தணும்.

மெத்தோட்ரெக்ஸேட் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், ஈரலையும் பார்த்துக்கணும்னு சொல்லியிருப்பாங்க. அதனால டர்பன்டைன் மாதிரி ஆவியாகற திரவம், ரெசின், பொடியா வர்ற பிக்மென்ட், பூசணம் பிடிச்ச பழைய காகிதம் இதெல்லாம் ஸ்டூடியோவை விட்டு வெளிய போகட்டும். வாசனை இல்லாத தின்னர்னு விக்கறதும் ஆவியாகத்தான் செய்யும், மூக்குக்குத் தெரியாது அவ்வளவுதான். பேஸ்டல் தூளை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

டெட்லைன் பயத்துக்கும் மருந்து அந்த நோட்டுதான். போன ஒரு வருஷத்துல மாசத்துக்கு எத்தனை நாள் வட்டம் மூடியிருக்குன்னு எண்ணுங்க. சராசரி எடுக்காதீங்க, இருக்கறதுலயே மோசமான மாசம் எதுவோ அதை எடுங்க. அதுல ஒம்போது நாள்தான் மூடியிருக்குன்னா உங்களுக்கு மாசத்துக்கு ஒம்போது வேலை நாள், அவ்வளவுதான், அதை வெச்சுத்தான் தேதி குடுக்கணும். மத்தவங்க ஒரு மாசத்துல முடிக்கறதை நான் மூணு மாசத்துல முடிப்பேன்னு முதல் மெயில்லயே சொல்லிடுங்க, காரணம் சொல்லணும்னு அவசியம் இல்ல. முன்னாடியே முடிச்சுட்டா சந்தோஷம். இப்படிச் சொன்னா சில வேலை போகும், போகத்தான் செய்யும், அதை நான் மழுப்ப விரும்பல. ஆனா கடைசி நாள்ல படுக்கைல இருந்துக்கிட்டு மன்னிப்பு மெயில் தட்டறப்போ போற வேலையை விட இது கம்மிதான்.

ஒருவேளை மருந்து நல்லா வேலை செஞ்சு, நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல வட்டமெல்லாம் ஒழுங்கா மூட ஆரம்பிச்சிருந்தா? கண்காட்சிக்கு அது கொஞ்சம் சப்புன்னு இருக்கும். இருக்கட்டும், நல்லாயிருங்க.

உங்க பொண்ணு எழுதின தேதியைப் பத்தி ஒண்ணு. ஸ்கேன் பண்றப்போ வட்டத்தை மட்டும் க்ராப் பண்ணி எடுக்கணும்னு தோணும், எடுக்காதீங்க. ரெண்டு வருஷத்துல அந்தக் கையெழுத்து மாறியிருக்கும், முதல் நோட்டுல 7-ஐத் திருப்பிப் போட்டிருந்தாலும் போட்டிருப்பா. உங்க கோடு ஒரு பக்கம் போக, அவ எழுத்து ஒரு பக்கம் திருந்திக்கிட்டே வந்திருக்கும். அவகிட்ட கேட்டுட்டு மாட்டுங்க, வேண்டாம்னு சொன்னா தேதியை மறைச்சுடுங்க. சரின்னு சொன்னா காலிப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க, ஒண்ணுகூட விட வேண்டாம், வட்டமே இல்லாம மூலைல அவ எழுதின தேதி மட்டும் இருக்கற பக்கம். எனக்கு முதல்ல அதைத்தான் பார்க்கணும், முடிஞ்சா இந்த வாரமே ரெண்டு மூணு அனுப்புங்க, மருந்து நாளும் மறுநாளும் போக.